பத்திரம் தொலைந்தாலும் நிலம் தொலையாது, தெரியுமா?

உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரம் தீயில் எரிந்துபோனால் என்ன ஆகும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறதல்லவா! ஆஸ்திரேலியாவில் வீடு வாசல் உள்ளவருக்கு அந்தக் கலக்கம் கிடையாது, தெரியுமா? நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2021 அக்டோபர் 11-ஆம் தேதியோடு காகிதப் பத்திரத்தையே ஒழித்துவிட்டார்கள். நிலம் யாருடையது என்பதற்கு அரசின் பதிவேடுதான் சாட்சி. அதில் உங்கள் பெயர் இருந்தால் நிலம் உங்களுடையது. முன்னால் வைத்திருந்தவர் யார், அவருக்கு விற்றவர் யார், அவர் தங்கை கையெழுத்துப் போட்டாரா என்றெல்லாம் தோண்ட வேண்டியதில்லை. பதிவேட்டின் பிழையாலோ அதை வைத்து நடந்த மோசடியாலோ ஒருவர் நிலத்தை இழந்துவிட்டால், அதற்கென்றே வைத்திருக்கும் நிதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம்!

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் வக்கீலே இல்லை என்பது அடுத்த ஆச்சரியம். அவர் பெயர் ராபர்ட் ரிச்சர்ட் டாரன்ஸ். 1840-களில் அடிலெய்டில் சுங்க வரி வசூலித்த அதிகாரி. கப்பல் கைமாறுவதை அன்றாடம் பார்த்தவர். கப்பலை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் கப்பல் பதிவேட்டில் அதைக் குறித்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. ஒரு துண்டு நிலத்தை விற்கவோ கட்டுக்கட்டாகப் பழைய பத்திரங்கள், மாதக்கணக்கில் அலைச்சல், கொழுத்த வக்கீல் கட்டணம். கடலில் ஓடுகிற கப்பலுக்கு முடிந்தது, கிடந்த இடத்திலேயே கிடக்கிற நிலத்துக்கு ஏன் முடியாது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் விடவே இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் நிலப் பதிவு எப்படி நடக்கிறது என்பதை உல்ரிக் ஹுப்பே என்ற சட்ட அறிஞர் எடுத்துச் சொல்லி உதவினார். 1857 செப்டம்பரில் டாரன்ஸ் தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் பிரதமராகவே ஆனார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஆட்சி கவிழ்ந்தது. பதவி போனாலும் மசோதா போகவில்லை! வக்கீல்கள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தார்கள். 1858 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. உடனே அரசியலை விட்டுவிட்டு, தான் உண்டாக்கிய பதிவேட்டுக்குத் தானே தலைமைப் பதிவாளராகப் போய் உட்கார்ந்தார் அந்த மனிதர்.

ஒரே ஒரு காலனி செய்து பார்த்தது. 1862 முடிவதற்குள் குயின்ஸ்லாந்து, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா எல்லாம் பின்தொடர்ந்தன. மேற்கு ஆஸ்திரேலியா 1874-ல் சேர்ந்தது. அப்புறம் நியூசிலாந்து, கனடாவின் மேற்கு மாநிலங்கள், 1902-ல் பிலிப்பைன்ஸ்! இதில் நம்மவர் கதையும் உண்டு, தெரியுமா? மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் டாரன்ஸ் முறையில் எழுதப்பட்டது. கிள்ளானிலும் ஈப்போவிலும் தமிழ்க் குடும்பங்கள் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ‘கெரான்’, அந்தச் சுங்க அதிகாரியின் யோசனைக்குப் பேரப்பிள்ளை முறை. சிங்கப்பூரும் அதே வழி. இலங்கையிலும் 1998-ல் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டில்? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது பத்திரம்தான். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, லீகல் ஒப்பீனியன் என்று அலைகிறோம். ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொடுத்து இடம் வாங்கிய பிறகும், எங்கிருந்தோ ஒரு வாரிசு வந்து நிற்பாரோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களை நினைக்கும்போது, மனிதர்கள் கண்டுபிடித்த பெரிய விஷயங்களில் இந்தப் பதிவேட்டையும் சேர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஆங்கிலேய அரசு நிலத்தை எடுத்து யாருக்கோ கொடுத்த நாளில்! அதற்கு முன்பு பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த மக்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. டாரஸ் ஜலசந்தியிலுள்ள மெர் என்ற குட்டித் தீவில் பிறந்தவர் எடி மாபோ. டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். தீவில் இருக்கும் தன் குடும்ப நிலத்தைப் பற்றி ஒரு நாள் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டத்தின் கண்ணில் அது உங்களுடையதே இல்லை, அரசுடையது என்று அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவரால் நம்பவே முடியவில்லை. 1982-ல் வழக்குப் போட்டார். குயின்ஸ்லாந்து அரசு என்ன செய்தது தெரியுமா? வழக்கு நடக்கும்போதே, 1985-ல், தீவு மக்களுக்கு உரிமை எதுவும் இருந்திருந்தால் அது என்றைக்கோ அழிந்துவிட்டது என்று பின்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டது! 1988-ல் உயர் நீதிமன்றம், அதாவது நாட்டின் ஆக உச்ச நீதிமன்றம், அதைத் தூக்கி எறிந்தது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1975-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறுக்கே நின்றது. கூட்டாட்சியில் இரண்டு அரசுகள் இருப்பதால் ஒரு ஏழைக்குக் கிடைத்த பாதுகாப்பு இது. 1992 ஜூன் 3-ஆம் தேதி ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: மெர் தீவில் வாழும் மெரியம் மக்களின் நிலம் மெரியம் மக்களுடையதே! நாடு முழுவதற்குமான பூர்வகுடி நில உரிமைச் சட்டம் மறு ஆண்டே வந்தது. எடி மாபோ இதைக் கேட்கவில்லை. தீர்ப்புக்கு நான்கரை மாதம் முன்பு, ஜனவரியில், இறந்துபோனார்.

அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். ஆகாயத்தில் நிற்கிற ஒரு வீட்டுக்குத் தனிப் பட்டயம் கொடுக்க முடியுமா? 1961 வரை சிட்னியில் ஃபிளாட் வாங்கியவர் பெரும்பாலும் வாங்கியது ஒரு கம்பெனியின் பங்குகளை! கட்டடம் கம்பெனிக்குச் சொந்தம், பங்கு வைத்திருப்பவருக்குக் குடியிருக்கும் உரிமை. வங்கிகள் கடன் தரத் தயங்கின. டிக் டஸல்டோர்ப் என்ற டச்சுக்காரர், பெரிய கட்டுமானக்காரர், விடாப்பிடியாக நின்றார். 1961-ல் நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இயற்றி, மாடியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் டாரன்ஸ் பதிவேட்டில் தனி இடம் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர் அதை எடுத்துக்கொண்டது. நாமோ இன்னும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

நிலம் இருக்கட்டும். நகர்கிற பொருளை வாடகைக்குக் கொடுத்தவர், ஒரு பதிவை மறந்ததால் அதைப் பறிகொடுத்த கதை தெரியுமா? 2012 ஜனவரி 30-ஆம் தேதி ஆஸ்திரேலியா எழுபதுக்கும் மேற்பட்ட மத்திய, மாநிலச் சட்டங்களை ஓரம்கட்டி, நாட்டுக்கே ஒரே இணையப் பதிவேட்டைத் திறந்தது. கார், டிராக்டர், கிரேன், மாடு, கடைச் சரக்கு என எதன் மேல் கடன் இருந்தாலும், எதை நீண்ட நாள் வாடகைக்கு விட்டிருந்தாலும் அதில் பதிய வேண்டும். ஏழு ஆண்டுப் பதிவுக்கான கட்டணம் பத்து டாலருக்கும் குறைவு. 2013-ல் ஜெனரல் எலக்ட்ரிக் குழுமம் நான்கு ராட்சத எரிவாயு டர்பைன்களை ஃபோர்ஜ் என்ற ஒப்பந்த நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுத்தது, மேற்கு ஆஸ்திரேலியாவில் மின்நிலையம் அமைக்க. பதியவில்லை! 2014 பிப்ரவரியில் ஃபோர்ஜ் திவால் நிலைக்கு வந்தது. டர்பைன் எங்களுடையதுதானே, எடுத்துக்கொள்கிறோம் என்று போனவர்களைச் சட்டம் தடுத்தது. பதியாத வாடகைப் பொருள், வாடகைக்கு எடுத்தவர் நொடித்த நிமிடத்தில் அவர் சொத்தாகி, கடன்காரர்களுக்குப் போகும். தரையில் பொருத்திவிட்டோம், எனவே அது நிலத்தின் பகுதி, இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று வாதாடிப் பார்த்தார்கள். கழற்றி இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போவதற்கென்றே செய்த இயந்திரம் எப்படி நிலமாகும் என்று நீதிமன்றம் மறுத்தது. 2017-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. போனது பல கோடி டாலர்! கடுமையான சட்டம்தான். ஆனால் அதே பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டி, வாங்கப் போகும் பழைய காருக்குக் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஒரு சாதாரண ஆள் நிமிடத்தில் பார்த்துவிட முடிகிறது. அந்த நிம்மதிக்கு இந்தக் கடுமை தேவைதான் என்பேன்.

இனி வரி. 1901-க்கு முன்பு மர்ரே ஆற்றைத் தாண்ட சுங்கம் கட்ட வேண்டும் என்றால் நம்புவீர்களா? இந்தக் கரை நியூ சவுத் வேல்ஸ், அந்தக் கரை விக்டோரியா. இரண்டும் ஒரே ராணியின் காலனிகள்! கூட்டாட்சி பிறந்ததே பெரும்பாலும் இந்தச் சுங்கச் சாவடிகளை உடைக்கத்தான். மாநிலங்களுக்கிடையே வணிகம் முற்றிலும் தடையற்றதாக இருக்கும் என்று அரசியல் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். எழுதியது எளிது, பொருள் சொல்வதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள்! வங்கிகளைத் தேசியமயமாக்கும் சட்டம் இதில்தான் மாட்டி விழுந்தது. 1949-ல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் அந்த வழக்கின் வாதம் முப்பது நாளுக்கு மேல் நீண்டது. அது முடிவதற்குள் அமர்வில் இருந்த நீதிபதிகளில் இரண்டு பேர் இறந்தே போனார்கள், தெரியுமா?

அத்தனை குழப்பத்துக்கும் முடிவு கட்டியது ஒரு சிங்கி இறால்! தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓட்டின் நீளம் 9.85 சென்டிமீட்டர் இருந்தால் பிடிக்கலாம். டாஸ்மேனியாவில் ஆண் இறாலுக்கு 11 சென்டிமீட்டர் வேண்டும். டாஸ்மேனிய வியாபாரி ஒருவர் தெற்கு ஆஸ்திரேலியாவில் முறையாக வாங்கிக் கொண்டுவந்த இறாலை ஆய்வாளர் அளந்தார். அளவு போதவில்லை, வழக்குப் பதிவு. வணிகம் தடையற்றது என்கிறதே அரசியல் சட்டம் என்று வியாபாரி உயர் நீதிமன்றம் வரை போனார். 1988-ல் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில், 1890-களில் அரசியல் சட்டம் எழுதியவர்கள் பேசிய விவாதங்களைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். வெளி மாநிலச் சரக்கை ஒதுக்கி உள்ளூர்க்காரனுக்குச் சாதகம் செய்யும் பாரபட்சம்தான் கூடாது. இறால் இனம் அழியாமல் காக்கும் பொது விதி கூடும். அரை நூற்றாண்டுக்கும் மேலான தீர்ப்புகள் ஒரே நாளில் பழங்கதையாகின.

வருமான வரி மத்திய அரசிடம் போன கதை இன்னும் பெரியது. 1942 வரை மாநிலமும் கேட்கும், மத்தியும் கேட்கும். சம்பளக்காரன் இரண்டு பேருக்கும் கட்டினான். போர் வந்தது, பிரதமர் கர்ட்டினின் அரசு நான்கு சட்டங்களைப் போட்டது. மத்திய விகிதத்தை ஏற்றியது. வரி போடாத மாநிலத்துக்கு மானியம் என்றது. என் வரியைக் கட்டிய பிறகுதான் மாநில வரி என்றது. மாநில வரி அலுவலகங்களின் ஊழியர்கள், கட்டடம், நாற்காலி மேசை வரை எடுத்துக்கொண்டது! மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. இன்னொரு விஷயம் தெரியுமா? மாநிலங்களின் வருமான வரி அதிகாரத்தை யாரும் பறிக்கவில்லை, இன்றும் அவை போடலாம். 1978-ல் பிரதமர் ஃபிரேசரின் அரசு வலிய அழைத்து, மேல்வரி போட்டுக்கொள்ளுங்கள் என்று தனிச் சட்டமே இயற்றியது. ஒரு மாநிலம்கூட முன்வரவில்லை!

1985 செப்டம்பர் 20-க்கு முன்பு வாங்கிய சொத்தை இன்றைக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி பொதுவாகக் கிடையாது என்பது தெரியுமா? சாவுக்கு வரி இல்லாத நாடு அது என்பது? 1977-ல் குயின்ஸ்லாந்து முதன்முதலாக வாரிசுச் சொத்து வரியை ஒழித்தது. சொத்துள்ள முதியவர்கள் அங்கே குடிபெயரத் தொடங்கினார்கள். மற்ற மாநிலங்கள் அலறிக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒழித்தன. மத்திய அரசின் வரி 1979 ஜூலை 1-ல் ஒழிந்தது. அந்த நாளை ஒட்டிய இறப்புக் கணக்கை ஜோஷுவா கான்ஸ், ஆண்ட்ரூ லீ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பிற்பாடு ஆராய்ந்தார்கள். வரி இருந்த கடைசி வாரத்தில் நிகழ வேண்டிய சுமார் 50 மரணங்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருந்தன! அந்த வாரத்தில் வரி கட்ட வேண்டியிருந்தவர்களில் பாதிக்கும் மேல். பிள்ளைகளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்களா, குடும்பத்தார் தேதியை மாற்றிச் சொன்னார்களா? கணக்கில் அது தெரியாது.

ஜி.எஸ்.டி. பிறந்ததற்குச் சிகரெட்டும் ஒரு காரணம். சரக்கின் மேல் உற்பத்தி வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே. மாநிலங்கள் உரிமக் கட்டணம் என்று பெயர் வைத்து புகையிலை, மது, பெட்ரோலில் வசூலித்துவந்தன. 1997-ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் உயர் நீதிமன்றம், கட்டணம் என்ற பெயரில் இது வரியேதான் என்றது. ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் வருமானம் மாநிலங்களின் கையைவிட்டுப் போனது! மூன்றே ஆண்டில், 2000 ஜூலை 1-ல், 10 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வசூலிப்பது மத்திய அரசு, பணம் முழுவதும் மாநிலங்களுக்கு. இன்றுவரை அதே 10 சதவீதம்தான்.

அதற்கு முன்பு அதே வரியை வாக்குறுதியாகச் சொன்ன ஜான் ஹியூசன் என்ற எதிர்க்கட்சித் தலைவரை ஒரு கேக் கவிழ்த்தது. 1993 தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு, தொலைக்காட்சிப் பேட்டியில், கடையில் பிறந்தநாள் கேக் வாங்கினால் வரி உண்டா என்று கேட்டார்கள். அது கேக் கடையா, மேலே அலங்காரம் உண்டா, மெழுகுவர்த்தி உண்டா என்று அவர் நேர்மையாக விளக்க விளக்க, நாடே தலைசுற்றிப் போனது. தோற்றார்.

சட்டம் வந்த பிறகும் அந்தக் குழப்பம் தீரவில்லை. ரொட்டிக்கு வரி இல்லை, மொறுமொறு பிஸ்கட்டுக்கு உண்டு. இத்தாலியிலிருந்து வந்த ‘மினி சியாபத்தே’ எந்த வகை? மாவு, ஆலிவ் எண்ணெய், ஈஸ்ட், உப்பு எல்லாம் ரொட்டிக்குரியவை. ஆனால் கையில் எடுத்தால் முறுக்கு மாதிரிப் படக்கென்று உடைகிறது. 2010-ல் ஒரு நீதிபதி, 2011-ல் மூவர் அமர்வு, பிஸ்கட் ரகம்தான் என்று முடிவு! கர்நாடகத்தில் 2020-ல் பரோட்டா ரொட்டியில்லை, 18 சதவீதம் கட்டு என்று சொன்னார்களே, அதற்கு அண்ணன் இந்த வழக்கு. சூடாக விற்கும் கோழிக்கு வரி, ஆறவைத்து விற்கும் கோழிக்கு இல்லை என்பதும் அங்கே சட்டம். ஆணுறைக்கும் வெயில் களிம்புக்கும் வரி விலக்குக் கொடுத்துவிட்டு, பெண்களின் நாப்கினுக்குப் பதினெட்டு ஆண்டுகள் வரி வாங்கினார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டு 2019 ஜனவரி 1-ல்தான் அது நீங்கியது.

அந்த ஜி.எஸ்.டி. பணத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்? இரும்புத்தாது ராயல்டி கொட்டிய மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 2015-16-ல், அதன் மக்கள்தொகைக்கு ஒரு டாலர் வர வேண்டிய இடத்தில் 30 சென்ட்தான் கிடைத்தது! வசதி உள்ளவரிடம் குறைத்து, இல்லாதவருக்குக் கூட்டிக் கொடுக்கும் மானிய ஆணையத்தின் கணக்கு அது. அந்த ஆணையம் 1933-ல் ஏன் பிறந்தது தெரியுமா? அதே மேற்கு ஆஸ்திரேலியா கூட்டாட்சியை விட்டே பிரிந்து போகிறோம் என்று மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு முடிவெடுத்த ஆண்டு அது! விநோதம் என்னவென்றால், பிரிவினைக்கு வாக்களித்த அதே நாளில் அதே மக்கள் பிரிவினையை எதிர்த்த கட்சியை ஆட்சியில் அமர்த்தினார்கள். மனு லண்டனுக்குப் போனது. 1935-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாங்க மறுத்தது. வரி வருத்தத்தைப் பேசித் தீர்க்க ஒரு நிரந்தர இடம் வேண்டும் என்று அவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். 2018-ல் சட்டம் திருத்தி, எந்த மாநிலத்தின் பங்கும் ஓர் அளவுக்குக் கீழே போகாதபடி வரம்பு வைத்தார்கள். இப்போது அது 75 சென்ட்.

கம்பெனிச் சட்டத்திலும் இதே மத்திய, மாநில இழுபறிதான். கம்பெனிகளை ஒழுங்குபடுத்தலாம், புதிதாகப் பிறப்பிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்று 1990-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் மாநிலங்களே தங்கள் அதிகாரத்தைக் கால வரம்போடு மத்திய அரசிடம் ஒப்படைத்தன. அதில் எழுந்ததுதான் 2001-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம்.

உற்பத்தி வரிச் சண்டை சிகரெட்டோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? விக்டோரியா 2021-ல் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் கட்டணம் போட்டது. மின்சாரக் கார்க்காரர் பெட்ரோல் வரி கட்டுவதில்லை, சாலையை மட்டும் பயன்படுத்துகிறாரே என்ற நியாயம். கார் வைத்திருந்த இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபரில், மறுபடியும் நான்குக்கு மூன்று, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு! உற்பத்தி வரியின் எல்லை, கார் ஓட்டுவது வரை நீண்டுவிட்டது. மின்சார வாகனங்கள் பெருகும் காலத்தில் சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இனி மத்திய அரசின் மேசையில்தான்.

இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது தலைநகரப் பிரதேசமான கான்பெராவை. வீடு வாங்கும்போது ஒரே அடியாக வாங்கும் முத்திரைத் தீர்வையை 2012-ல் தொடங்கி இருபது ஆண்டுகளில் படிப்படியாக ஒழித்து, ஆண்டுதோறும் வரும் நில வரியாக மாற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் பத்திரச் செலவு 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். ஐம்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு தனி வீட்டைப் பதிந்தால் நாலரை லட்சம். வேலை மாறி வேறு ஊரில் வீடு வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குக் கான்பெராவின் சோதனை எவ்வளவு பெரியது என்று விளங்கும். நியூ சவுத் வேல்ஸும் 2023 ஜனவரியில் முதல் வீடு வாங்குவோருக்கு அந்த வாய்ப்பைத் திறந்தது. ஆட்சி மாறியது, ஜூன் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். விக்டோரியா 2024 ஜூலையில் கடை, கிடங்கு போன்ற வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் அதே வழியில் இறங்கியிருக்கிறது. கான்பெராவின் இருபது ஆண்டுக் கெடு 2032-ல் முடிகிறது.